மரிக்கொழுந்து போட்ட எண்ணெய்

நான் சிவகாசியில ஒரு பிரஸ்ல புரூஃப் பார்க்கிறவ. வெடிக்கட்டு லேபிள், தினசரி காலண்டர், ஊறுகாய் பாட்டில்ல ஒட்டுற தாளு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். என்ன சாமான்னு நான் பார்க்கிறதில்லை. கொம்பு விட்டுப்போச்சா, கால் விட்டுப்போச்சா, புள்ளி விழுந்திருக்கா, அம்புட்டுதான் என் சோலி. காலண்டர் சீசன் உச்சத்துல இருந்த ஒருநாள், டிசைனர் ஒரு அட்டைப்பெட்டி புரூஃபைக் கொண்டாந்து மேசையில போட்டுட்டு, "அவசர ஆர்டருக்கா, மத்தியானத்துக்குள்ள பிளேட் போடணும்"னு சொல்லிட்டு ஓடிட்டாரு. தீக்காயத்துக்குப் போடுற களிம்போட பெட்டி.

வெடிமருந்துத் தீக்காயத்துக்கு உலகத்துலேயே முதல் மூலிகைக் களிம்பாம். கீழே சேர்மானம் போட்டிருந்துச்சு. நல்லெண்ணெய். சுண்ணாம்புத் தெளிவு. அடுத்து ஒரு பூண்டு, கரிசக்காட்டு வரப்புல தானா முளைக்கிறது. அதுக்கு அடுத்து மரிக்கொழுந்துச் சாறு. கடைசியில, "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது."

மரிக்கொழுந்துங்கிற எழுத்துல ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை விட்டு என் பேனா நகர மாட்டேங்குது. உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறுது. உலகத்துல எவனாவது தீக்காய மருந்துல மரிக்கொழுந்து போடுவானா? பூக்கடையில மல்லிகைச் சரத்தோட சேர்த்துக் கட்டுற வாசனைத் தழைய்யா அது. அதை மருந்துல போட்ட ஒரே ஆளு என் அண்ணன் பொண்டாட்டி, என் மதினி. "களவாணிப் பயலுகளா!"ன்னு கத்திட்டேன். மிஷின் சத்தத்தையும் தாண்டி மொதலாளி தலையை நீட்டி, "என்னம்மா, மறுபடியும் பிழையா?"ன்னாரு.

மதினியைப் பத்திச் சொல்லணும். சாத்தூர்ப் பக்கம் எங்க ஊரு. அண்ணனுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம், பருத்தியும் கம்பும் போடுவாரு. மதினி நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. வாய் ஓயாது, சிரிப்பு ஓயாது, தலையில பூ இல்லாம தெருவுல இறங்க மாட்டாக. எங்க வீட்டுல தீக்காய எண்ணெய் காய்ச்சுறது ரொம்ப நாளா இருக்கிற வேலை. எங்க அம்மா காய்ச்சுனாக, அவுகளுக்குப் பெறகு மதினி கைக்கு வந்துச்சு. சுத்துப்பட்டுல இன்னும் நாலஞ்சு வீடுகள்லயும் இந்த எண்ணெய் உண்டு. எங்க பக்கம் ஆலைக்கு ஆபீஸுன்னு பேரு. வெடி ஆபீஸும் தீப்பெட்டி ஆபீஸுமா இருக்கிற சீமையில தீக்காய மருந்து தெரியாம எப்படிக் காலந்தள்றது?

ஆனா காய்ச்சும்போது அந்தப் பூண்டு ஒரு நாத்தம் நாறும் பாருங்க, செத்த எலியை வெயில்ல போட்ட மாதிரி. மதினி கல்யாணமாகி வந்த புதுசுல அண்ணன் மூக்கைப் பொத்திக்கிட்டு, "இந்த எண்ணெயைக் காய்ச்சுற அன்னைக்கு நான் காட்டுலயே படுத்துக்கிடுறேன்"ன்னு சொல்லிட்டாரு. மதினிக்கு ரோசம் வந்துருச்சு. தலையில வச்சிருந்த மரிக்கொழுந்தை உருவி, கசக்கி, கொதிக்கிற எண்ணெய்லேயே போட்டுட்டாக. "இப்ப வந்து படுங்க மாப்பிள்ளை"ன்னாகளாம். அன்னைக்கு ஆரம்பிச்சது. புருசன் பொண்டாட்டி சண்டையில விழுந்த தழை அது. மருந்தும் இல்லை மண்ணும் இல்லை. மத்த வீட்டுக்காரவுக யாரும் போடுறதில்லை, எங்க அம்மாவும் போட்டதில்லை.

அந்த எண்ணெய்க்கு ஒரு முறை உண்டு. காசு வாங்கக்கூடாது. அதைவிட முக்கியம், கேள்வி கேக்கக்கூடாது. காயத்தோட யார் வந்தாலும் எங்க பட்டுச்சு, எப்படிப் பட்டுச்சுன்னு வாயைத் திறக்கக்கூடாது. காயத்தை மட்டும் பார்க்கணும். தாங்காதுன்னு தெரிஞ்சா அண்ணன் பைக்குல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். தாங்கும்னா எண்ணெயைத் தொட்டுப் போட்டு, ஒரு சீசால ஊத்திக் குடுத்து அனுப்பணும். வந்தவுகளும் "போயிட்டு வாரேன்"னு சொல்லாம எந்திரிச்சுப் போயிரணும்.

வெளியூர்க்காரவுகளுக்கு இது ஏதோ சாமி சம்பந்தப்பட்ட நம்பிக்கைன்னு தோணும். அதெல்லாம் ஒண்ணும் இல்லை. லைசென்ஸ் உள்ள கம்பெனியில விபத்து நடந்தா வேன் வைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவான், மருந்து மாத்திரை எல்லாம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாத ஷெட்டுல, வீட்டுக்குள்ள உக்காந்து வெடித்திரி உருட்டுறவளுக்கு, கையில வெடிமருந்து பத்திக்கிச்சுன்னா எங்க போவா? ஆஸ்பத்திரியில முதல் கேள்வியே எப்படிப் பட்டுச்சு. ரெண்டாவது ஆளா போலீஸ் வந்து நிக்கும். அதனாலதான் கேக்காத வாசலைத் தேடி வாராக. கேக்காம இருக்கிறதுல பாதி வைத்தியம் இருக்குன்னு எங்க ஆளுகளுக்குத் தெரியும்.

அதே முறைதான் எங்க தலையில கல்லையும் போட்டுச்சு. சில வருசத்துக்கு முன்னால ஒரு வெள்ளைக் காரு வந்துச்சு. ஒரு சாரு, ஒரு அம்மா. ஆராய்ச்சின்னாக. பாரம்பரிய அறிவைப் பாதுகாக்கப் போறோம்னாக. பாதுகாக்குறாகளாம்! யாரு, எந்தக் கம்பெனி, எதுக்குன்னு மதினி ஒரு கேள்வி கேட்டாகளா? கேக்கல. எண்ணெயை நாடி வந்தவுகளை ஏன் எதுக்குன்னு கேட்டுப் பழக்கமே இல்லையே. கருவாட்டுக் குழம்பு வச்சு, முட்டை அவிச்சுப் போட்டு, அவுக கண்ணு முன்னாலேயே காய்ச்சிக் காட்டுனாக. மரிக்கொழுந்தைப் போடும்போது அந்த அம்மா, "இது எதுக்கு?"ன்னு கேட்டதுக்கு, மதினி அண்ணனைப் பார்த்துக் கண்ணடிச்சு, "அது இருந்தாத்தான் வேலை செய்யும்"னு சொன்னது எனக்கு நல்லா நினைப்பிருக்கு. நான்தான் அவுகளுக்கு மோர் கொண்டாந்து குடுத்தேன். அண்ணன் வெக்கப்பட்டு எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. அந்தக் கிண்டலையும் எழுதிக்கிட்டுப் போயிருக்காங்ஙே!

அந்தப் புரூஃபை மொதலாளி கையில குடுத்து, "இது எங்க வீட்டு எண்ணெய், நான் பார்க்க மாட்டேன்"னு சொன்னேன். அவரு நல்ல மனுசன்தான். ஆனா ஆர்டர் ஆர்டர்தான? "நாம அடிக்கலேன்னா அடுத்த தெருவுல அடிப்பான்மா"ன்னாரு. உண்மைதான். அடுத்த தெருவுல அடிக்கட்டும், என் கண்ணு வழியா அது போகாதுன்னு சொல்லிட்டு அன்னைக்கு மத்தியானமே பஸ் ஏறிட்டேன்.

மதினிகிட்டச் சொன்னா, மொதல்ல விழுந்து விழுந்து சிரிச்சாக. "ஏத்தா, என் கொண்டை மரிக்கொழுந்தைப் பொட்டியில அச்சடிச்சிட்டாகளா? உங்க அண்ணன்கிட்டக் காட்டு, இத்தனை வருசமா என்னை மதிக்கல." எனக்கு ஆத்திரமா வந்துச்சு. "சிரிக்காதீக மதினி. இவுகளுக்கு உரிமை கிடைச்சிருச்சுன்னா நாளைக்கு நீங்க இந்த எண்ணெயைக் காய்ச்சக்கூடாது. காய்ச்சுனா நீங்கதான் திருடி." அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு. "காய்ச்சாம இருந்தா வாரவுகளுக்கு என்ன செய்ய?"ன்னாக. வேற எதுவும் அவுகளுக்குத் தோணல. அந்தப் பொட்டியை விலை குடுத்து வாங்க முடிஞ்சவுக இல்லை எங்க வாசலுக்கு வர்றவுக.

மதுரையில ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சேன். எங்க மொதலாளிதான் வழி சொல்லிவிட்டாரு, அந்தமட்டுக்கும் அவருக்குப் புண்ணியம். அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதுக்கு உயிர்வளத் திருட்டுன்னு பேரு"ன்னாங்க. திருட்டுன்னு சொன்னாப் பத்தாதா, அதுக்கு முன்னால எதுக்குங்க ஒரு அலங்காரம்னு கேட்டேன். சிரிச்சிக்கிட்டே விளக்குனாங்க. ஊரு மக்கள் காலங்காலமா வச்சிருக்கிற அறிவைப் புதுக் கண்டுபிடிப்புன்னு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதுன்னு காப்புரிமைச் சட்டத்துலேயே இருக்காம். உரிமை குடுக்கிறதுக்கு முன்னால யார் வேணும்னாலும் ஆட்சேபம் போடலாமாம். எழுதி வைக்காத, வாய்வழியா வந்த அறிவா இருந்தாலும் செல்லுமாம். எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. நல்ல சட்டமாத்தான போட்டிருக்காக!

"சட்டம் இருக்கு. சாட்சிதான் வேணும்"னாங்க வக்கீலம்மா. அங்கதான் வந்து வில்லங்கம். கம்பெனி கெட்டிக்காரன். நல்லெண்ணெயும் சுண்ணாம்பும் அந்தப் பூண்டும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்னு அவனே ஒத்துக்கிட்டான். மரிக்கொழுந்து சேர்ந்தா வெடிமருந்துக் காயம் சீக்கிரம் ஆறுது, அதுதான் எங்க கண்டுபிடிப்புன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கான். அண்ணனோட மூக்குக்காகப் போட்ட தழையை வச்சு உரிமை கேக்குறான். "அப்ப, மரிக்கொழுந்து போட்ட உங்க மதினி எண்ணெயை, வெடிமருந்துக் காயத்துக்கு, இந்த விண்ணப்பத்துக்கு முன்னாடியே போட்டுக்கிட்டவங்க வேணும். எந்த இடத்துல, எந்தக் காலத்துல, எப்படிக் காயம் பட்டுச்சு, மருந்து என்ன வாசனை அடிச்சுச்சு, எல்லாம் சத்தியப் பிரமாணமா எழுதிக் கையெழுத்துப் போடணும். வீட்டு ஆளுங்க சொல்றதை மட்டும் வச்சு நிக்க முடியாது"ன்னாங்க.

வேற வழி ஏதாவது இருக்கான்னு கேட்டதுக்கு, பல்லுயிர்ச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் அதுக்கு ஒரு குழு இருக்கணும், ஊருல என்ன செடி இருக்கு, யாருக்கு என்ன வைத்தியம் தெரியும்னு அவுக பதிவு பண்ணி வச்சிருக்கணும், போய்ப் பாருங்கன்னாங்க. போனேன். பஞ்சாயத்து ஆபீஸ்ல குழு இருக்குதுங்க! அதுல எங்க அண்ணனே ஒரு உறுப்பினர். அண்ணனுக்கே தெரியாது. பதிவேட்டைப் புரட்டுனா எங்க ஊருல சந்தன மரமும் மிளகுக் கொடியும் ஏராளமா இருக்குன்னு எழுதியிருக்கு. சந்தன மரம்! எங்க ஊருல நிழலுக்கு ஒதுங்க ஒரு வேப்ப மரம் கிடைச்சாப் பெரிய பாக்கியம். எங்கேயோ மலையடிவாரத்து ஊருக்கு எழுதுனதை அப்படியே நகல் எடுத்துத் தைச்சு வச்சிருக்காக. "எவன்யா இதை எழுதுனது?"ன்னு கேட்டா, ஏஜென்சியில இருந்து வந்தாக, அவுகளே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாகன்னு பதில் வருது. ஊரு அறிவைப் பாதுகாக்கிற லட்சணம் இது. எனக்கு வந்த வார்த்தையை அங்கனயே சொல்லிட்டுத்தான் வந்தேன்.

சரி, ஆளுகளைத் தேடிப் போவோம்னு கிளம்புனேன். யார் யாரு வந்தாகன்னு மதினிகிட்டக் கேட்டா, "எனக்குத் தெரியாது"ன்னாக. தெரியும். முகம் தெரியும், ஊரு தெரியும், பல பேரு பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொண்டாந்து வாசல்ல சாத்திட்டுப் போவாக. ஆனா சொல்ல மாட்டாக. நானா விசாரிச்சு, ஆனைக்குட்டம் பக்கம், சாத்தூர்ப் பக்கம்னு ஒவ்வொரு வீடா ஏறி இறங்குனேன். ஞாயித்துக்கிழமைதான் ஆளுக வீட்டுல இருப்பாக, மத்த நாள்ல விடியும்போதே ஆபீஸ் வேன் வந்து அள்ளிக்கிட்டுப் போயிரும்.

ஒருத்தரு கழுத்துல இருந்து தோள் வரைக்கும் தழும்பு. "அது வெந்நி கொட்டுனதும்மா"ன்னாரு. வெந்நி கொட்டுனா இப்படிக் கரும்புள்ளி விழாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொரு வீட்டுல கதவைத் திறந்த பொம்பளை, நான் மதினி பேச்சை எடுத்ததும், "நீங்க யாரு, எங்களுக்கு எந்த மதினியும் தெரியாது"ன்னு சொல்லிட்டாக. சொல்லும்போது கண்ணு கலங்குது. வாயி மட்டும் தெரியாதுங்குது. எனக்கு யாரு மேல கோவப்படுறதுன்னே விளங்கல. எழுதிக் குடுத்தா அவுக மாட்டுவாக. அவுகளுக்கு வேலை குடுத்தவன் மாட்டுவானாங்கிறது சந்தேகம், ஆனா மறுநாளே வேலை போயிரும். அவுக பயம் நியாயம்தான். நியாயமா இருந்தா மட்டும்? அந்த நேரத்துல எனக்கு அவுக மேலயும் ஆத்திரம் வந்துச்சு. எண்ணெய் வேணும்னா மட்டும் வாசல் தெரியும், சாட்சி சொல்லணும்னா தெரியாதாக்கும்னு நடுத்தெருவுல நின்னு சொல்லிட்டேன்.

அது மதினி காதுக்குப் போயிருச்சு. அன்னைக்குத்தான் மதினி என்னைத் திட்டி நான் பார்த்தது.

"யாரைக் கேட்டு அங்கன போன? கேக்கப்படாதுன்னு தான குடுத்தோம்? குடுத்துட்டு இப்ப போயிக் கேட்டா அதுக்கு என்ன பேரு?"

"உங்க எண்ணெயைக் காப்பாத்தத்தான மதினி போனேன்."

"எண்ணெயைக் காப்பாத்தி? எவளும் இந்த வாசல்ல கால் வைக்கலேன்னா அதை என்ன, தோசைக்கா ஊத்துறது?"

நானும் விடல. அப்ப அந்தக் களவாணிகிட்டயே தூக்கிக் குடுத்துருங்கன்னேன். உங்க மரிக்கொழுந்துக்கு அவன் பேரு போட்டு விக்கட்டும்னேன். ரெண்டு பேரும் கத்துன கத்துல அண்ணன் சாப்பிடாமலே காட்டுக்குப் போயிட்டாரு. அதுல இருந்து மதினியும் நானும் பேசிக்கிடல. ஒரே வீட்டுக்குப் போக வர இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கிறது எம்புட்டுக் கொடுமைன்னு பட்டவுகளுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது பிரஸ் வாசல்ல ஒருத்தி என்னைத் தேடி வந்து நின்னா. முப்பது வயசுக்குள்ள இருக்கும். முழுக்கை ஜாக்கெட். நான் போன வீடுகள்ல அவ வீடு இல்லை. பக்கத்து வீட்டுக்கு நான் வந்து கத்துனதைக் கேட்டிருக்கா. டீக்கடைக்குப் பக்கத்துல நிழலுக்கு ஒதுங்கி நின்னோம். ஜாக்கெட் கையை மேல சுருட்டிக் காட்டுனா. ரெண்டு முன்னங்கையும் முழங்கை வரைக்கும் தோலு வேற நிறமா, சுருங்கி, மினுமினுன்னு இருக்கு.

"வீட்டுல உக்காந்து திரி உருட்டும்போது பத்திக்கிருச்சுக்கா. எங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான் வெடிமருந்து கொண்டாந்து குடுப்பாரு. உங்க மதினிதான் எண்ணெய் போட்டு விட்டாக. மரிக்கொழுந்து வாசம் அடிச்சுச்சு. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

நியாயமா எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். அவ ஜாக்கெட் கையை நானே கீழே இறக்கி விட்டேன். "எங்க பட்டுச்சுன்னு எழுதணும்மா. பின்னால தொந்தரவு வரும்"னேன். அவ கேக்கல. "எங்க மாமியா, என் புருசன், எங்க அம்மா, அம்புட்டுப் பேரும் அன்னைக்கு என்கிட்டக் கேட்ட முதல் கேள்வி, எப்படிடி கவனமில்லாம இருந்தேன்னுதான். கை எரியுது, நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். உங்க மதினி ஒருத்திதான் ஒண்ணுமே கேக்கல. தலை வாரக்கூட முடியாம நான் இருந்தப்ப, எண்ணெய் போட்ட கையோட தலையையும் வாரிப் பூ வச்சு அனுப்புனாக. அவுக கேக்காததை நானாத்தானக்கா சொல்லணும்?"ன்னா.

மதினிகிட்ட அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வேண்டாம்னு மதினி ஒத்தக்கால்ல நின்னாக. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னாத்தா, இந்த எண்ணெய் போனாப் போகுது, உனக்குப் பிள்ளைக இருக்கு"ன்னு கெஞ்சுனாக. அவ பிடிவாதக்காரி. "நாளைக்கு எனக்கு மறுபடி பட்டா நான் எங்க போக மதினி?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டா. மதினி அவ கையை விட்டுட்டாக. நோட்டரி முன்னால அவ கையெழுத்துப் போட்டா. கூடவே அவுக ஊருல நடக்கிறதைத் தெரிஞ்ச இன்னொரு பொம்பளையும், தழும்பு இல்லாத ஆளு, ஒரு தடவை அவளைக் கூட்டிக்கிட்டு வந்தவ, அந்த வாசனையைப் பத்தி எழுதிக் குடுத்தா. வக்கீலம்மா அதையெல்லாம் சேர்த்துக் காப்புரிமை ஆபீசுக்கு ஆட்சேபம் அனுப்புனாங்க. ஒரு நகல் கம்பெனிக்கும் போகணும்கிறது முறையாம், போச்சு.

கம்பெனிக்காரன் பதில் போடுவான், பெரிய வக்கீலா வச்சு வாதாடுவான்னு நாங்க காத்துக்கிட்டு இருந்தோம். ஒண்ணும் வரல. வக்கீலம்மா ஒருநாள் போன் பண்ணி, "ஜெயிச்சிட்டோம்னு வச்சுக்கோங்க, விண்ணப்பத்தை அவங்களே திரும்ப வாங்கிட்டாங்க"ன்னாங்க. பிரஸ்ல எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். மதினிக்குப் போன் போட்டேன், எத்தனையோ நாள் கழிச்சு. "ஏத்தா நாத்துனா, அப்ப என் கொண்டைக்கு நான் பூ வச்சிக்கிடலாமா?"ன்னு கேட்டாக. போன்லயே ரெண்டு பேரும் அழுதோம், சிரிச்சோம்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம் கூட நிக்கல. கையெழுத்துப் போட்டவ வீட்டுக்குப் போலீஸ் போச்சு.

கம்பெனி வக்கீலு அவ பிரமாணப் பத்திரத்தை நகல் எடுத்து, போலீசுக்கு ஒரு புகார் அனுப்பியிருக்கான். குடியிருப்புப் பகுதியில அனுமதியில்லாம வெடிபொருள் தயாரிக்கிறது எங்க கவனத்துக்கு வந்திருக்கு, பொதுமக்கள் உயிர் மேல உள்ள அக்கறையில தெரியப்படுத்துறோம்னு எழுதியிருக்கான். அக்கறையாம்! நாசமாப் போறவன், அக்கறையாம்! திருடுன பொருளைக் கீழே வச்சுட்டுப் போறவன், போற போக்குல சாட்சி சொன்னவளை உதைச்சுட்டுப் போயிருக்கான். போலீஸ் வந்து தேடுனா வீட்டுல திரிக்கட்டு இருக்காதா? அதுதான அவ பொழப்பு. அடுப்புக்குப் பக்கத்துல இருந்துச்சு, எடுத்துட்டான். வெடிமருந்து கொண்டாந்து குடுத்த புருசனோட அண்ணன், "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவளா செஞ்சிருக்கா"ன்னு கையைக் கழுவிட்டான். அவளை மட்டும் ஜீப்புல ஏத்துனாங்ஙே.

வக்கீலம்மாவுக்கு அடங்காத கோவம். அவுகளே முன்னால நின்னு ஜாமீன் எடுத்தாங்க. அண்ணன் நிலப் பத்திரத்தைக் கொண்டாந்து கட்டுனாரு. ஆட்சேபம் போட்டவன், சாட்சி சொன்னவன் மேல இப்படிப் பழி வாங்கக்கூடாதுன்னு அந்த நல்ல சட்டத்துல எங்கேயாவது ஒரு வரி இருக்கான்னு நான் கேட்டேன். "இல்லைம்மா"ன்னாங்க வக்கீலம்மா. செடிக்குப் பாதுகாப்பு இருக்கு, எண்ணெய்க்குப் பாதுகாப்பு இருக்கு, அறிவுக்குப் பாதுகாப்பு இருக்கு. அதைச் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு இல்லை. என்ன மயித்துச் சட்டம்யா இது?

இந்தக் கதையில அந்தப் பூண்டோட பேரை நான் எழுதலைங்கிறதை நீங்க கவனிச்சிருப்பீக. எழுத மாட்டேன். கேட்ட எல்லாருக்கும் வாய் நிறையச் சொன்ன வீடு எங்க வீடு. இன்னைக்கு என்னையே வாயை மூட வச்சுட்டானுகளேங்கிற வயித்தெரிச்சல் எனக்குத் தீரவே தீராது.

போன மாசம் வாய்தாவுக்கு அவளோட நானும் மதினியும் கோர்ட்டுக்குப் போயிருந்தோம். வெயிலுக்கு மரத்தடியில உக்காந்திருந்தோம். எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாம, அவ சாப்பிடவும் இல்லை. அவளை ஆபீஸ்கள்ல வேலைக்கு எடுக்கிறதில்லை. கேஸு இருக்கிறவளைச் சேர்த்தா ரெய்டு வரும்னு பயம். அதனால சாத்தூர்ல ஒரு மிட்டாய்க் கடையில பாத்திரம் கழுவுறா. அந்தக் கையை வச்சுக்கிட்டு.

"ஏங்க்கா, எண்ணெய் நம்மளதுதான்னு எழுதிக் குடுத்துட்டாகல்ல?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டா.

மதினி என்னைப் பார்த்தாக. நான், "ஆமாம்மா, எழுதிக் குடுத்துட்டாக"ன்னேன்.

பொய். யாரும் எழுதிக் குடுக்கல. விண்ணப்பதாரர் திரும்பப் பெற்றுக்கொண்டார், அத்தோட அந்தக் கோப்பை மூடிட்டாங்க. எண்ணெய் யாருதுன்னு ஒருத்தரும் தீர்ப்புச் சொல்லல. களவாண்டவன் மேல ஒரு கேஸும் கிடையாது. இத்தனை நடந்ததுக்கும் அரசாங்கம் புதுசா பதிவு பண்ணுனது ஒரே ஒரு கேஸுதான். குற்றம் சாட்டப்பட்டவர்னு அதுல போட்டிருக்கிறது அவ பேரு.